ஓட்வாரின் வலது கை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் இதன் நாயகனேதான். பெருங்குடலில் இருந்த கட்டியை எடுத்து ஒன்பதாம் நாள், சக்கர நாற்காலி வேண்டாம் என்று மறுத்துவிட்டு மருத்துவமனை வாசல்வரை நடந்தே வந்தவர், என் பக்கம் திரும்பி, "ஷெம்பா, நீ உன் பாஷையில கதையெல்லாம் எழுதுவியாமே? என்னைப் பத்தி எழுது. ஆனா தைரியசாலி, அப்படி இப்படின்னு எழுதினே, வீட்டுக்கு வந்து உன் வெந்நீர்த் தொட்டியைக் கழட்டிப் போட்டுடுவேன்" என்றார்.

என் பெயர் செண்பகம்; இந்த ஊர்க்காரர்கள் வாயில் ஷெம்பா. நார்வேயின் மேற்குக் கரையில், மழை பெய்யாத நாளைப் பண்டிகைபோலக் கொண்டாடும் ஓர் ஊரின் மருத்துவமனையில் மயக்க மருந்துப் பிரிவுச் செவிலி. இருபத்தாறு வருடமாக இதே வேலை. அவர் பெயர் ஓட்வார் ஹெஸ்ட்னெஸ். அப்போது வயது அறுபத்திரண்டு. கார்களை ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் ஃபெர்ரியில் என்ஜின் பொறுப்பாளர்.

அவர் பிழைத்துவிட்டார் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். கவனக்குறைவு இல்லை. 'உயிர் போகுமோ' என்று உங்களைப் பதற வைத்துக் கடைசிவரை இழுத்துப்போக எனக்கு விருப்பமில்லை. இந்தக் கதையில் பதற வேண்டிய இடம் வேறு.

2

தொடக்கத்துக்கு மூன்று வரைவுகள் எழுதினேன்.

முதலாவது: "மயக்கம் என்பது தூக்கம் அல்ல. தூங்குகிறவரைத் தட்டி எழுப்பலாம், மயக்கத்தில் இருப்பவரை"

இதை அடித்துவிட்டேன். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு நான் எடுக்கும் பாடம் இது. கதைக்குள் எப்படி நுழைந்தது என்று தெரியவில்லை.

இரண்டாவது: "1988 நவம்பரில் ஒரு மனிதர், தன் வயிற்றை யாரோ திறப்பதை"

இதையும் நிறுத்திவிட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் அவர். அவர் வாயால் வரும்போது வரட்டும்.

மூன்றாவதில் ஓர் அறை இருந்தது, மூன்று பேர் இருந்தார்கள், ஒருவர் எழுந்து வெளியே போனார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

3

ஏப்ரல் மாதம், அறுவைக்கு முந்தைய ஆலோசனை அறை. மேசைக்கு இந்தப் பக்கம் மயக்க மருத்துவர் உன்னி. (பெயரைப் பார்த்துப் பாலக்காட்டுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பெண்களுக்கு வைக்கும் பெயர் அது. மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். அவரிடமே கேட்டேன். "என் பேரை எதுக்கு மாத்தணும்? உங்க வாசகர் பழகிக்கட்டும்" என்றார்.) அந்தப் பக்கம் ஓட்வாரும் அவர் மனைவி ஆஸ்லாவும். நான் சுவரோரம் கணினியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

"மயக்கம் குடுக்காம பண்ணு" என்றார் ஓட்வார்.

இங்கே ஒரு சங்கடம். இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான், மந்திரியாக இருந்தாலும். தமிழில் அதை அப்படியே எழுதினால் ஓட்வார் மரியாதை தெரியாதவராகத் தெரிவார். எல்லாருக்கும் 'நீங்க' போட்டால் ஓட்வாராகவே இருக்க மாட்டார். கடைசியில் என் காதை நம்பினேன். ஓட்வார் யாரையும் 'நீ' என்றுதான் சொல்வார். உன்னி பேசும்போது எனக்கு 'நீங்க' என்று கேட்டது.

"வயித்தைத் திறந்து குடலை வெட்டித் தைக்கணும். தசை இறுகியிருந்தா சர்ஜனால உள்ளே கையே வைக்க முடியாது. மயக்கம் இல்லாம நடக்காதுங்க" என்றார் உன்னி.

"அப்ப வேண்டாம்."

"மயக்கம் வேண்டாமா?"

"ஆபரேஷனே வேண்டாம். வீட்டுக்குப் போறேன்."

ஆஸ்லாவ் கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "வர்ற வழி பூரா இந்த மனுஷன் இதையேதான் சொல்லிட்டு வந்தாரு. கட்டி இப்போ சின்னதா இருக்கு, எடுத்துட்டா பொழைச்சுக்கலாம்னு சர்ஜன் சொன்னாரு. காதுலயே வாங்க மாட்டேங்கறாரு."

உன்னி திரையைப் பார்த்தார். "முன்னாடி ஒரு ஆபரேஷன்ல நடுவுல முழிச்சுக்கிட்டதா சொல்லியிருக்கீங்க. அது ரொம்ப அபூர்வம். பல ஆயிரம் பேர்ல ஒருத்தருக்குத்தான் நடக்கும்."

"அந்த ஒருத்தன் நான்தான்."

"இப்போ மருந்தெல்லாம் ரொம்ப மாறிப்போச்சு, கருவிகளும்..."

"டாக்டரே, என் கப்பல்ல பம்ப் நின்னுபோச்சுன்னு கம்பெனிக்குப் போன் பண்ணுவேன். 'அந்த மாடல் நிக்கறது ரொம்ப அபூர்வமாச்சே'ம்பான். அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் பம்ப் நின்னுதான் கிடக்கும்."

கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவைச் சாத்தாமல் போனார். ஆஸ்லாவ் எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் பின்னாலேயே ஓடினார்.

4

உன்னியை எழுதும்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. முதலில் எழுதியபோது அவர் கருணையே உருவாக இருந்தார். நோயாளி எழுந்து போனதும் கண் கலங்கினார். அப்படியெல்லாம் நடக்கவில்லை. நடந்தது இது: "பிடிவாதக்காரன்! நான் என்ன பண்ணட்டும், காலைப் பிடிக்கவா?" என்று பேனாவை மேசையில் போட்டார். டப்பாவைத் திறந்து பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை எடுத்து இரண்டு வாய் கடித்தார். மூன்றாவது வாய்க்கு நிறுத்தினார்.

"அந்தப் பம்ப் விஷயத்துக்கு நம்மகிட்ட பதில் இல்லையே, ஷெம்பா" என்றார்.

பிறகு ஓடினார். மருத்துவமனைக்குள் போட்டுக்கொள்ளும் செருப்போடு, கோட்டு இல்லாமல், மழையில். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். என் கதாபாத்திரம் ஒன்று நான் எழுதிவைத்ததை விட்டுவிட்டு ஓடியது அதுதான் முதல் தடவை. (இந்த வாக்கியம் கொஞ்சம் அதிகப்படி. இருந்துவிட்டுப் போகட்டும்.)

5

அவர்களுடைய கார் இன்னும் கிளம்பவில்லை. உன்னி கண்ணாடியைத் தட்டினார். ஓட்வார் இறக்கவில்லை, ஆஸ்லாவ் பின்கதவைத் திறந்துவிட்டார். உன்னியும் நானும் சொட்டச் சொட்டப் பின்சீட்டில் உட்கார்ந்தோம்.

"அன்னைக்கு என்ன கேட்டுச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார் உன்னி.

ஓட்வார் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். அப்புறம், "பெயின்ட்" என்றார்.

"பெயின்டா?"

"பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். வேற ஊர் ஆஸ்பத்திரி. தூங்கிப்போனேன், முழிச்சேன். முடிஞ்சுதாக்கும்னு நினைச்சேன். கண்ணைத் திறக்கப் பார்த்தா இமை வரலை. சர்ஜன் பேசறான், கோடை வீட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கலாமா, சிவப்பு அடிக்கலாமான்னு. அங்க நின்ன பொம்பளை சிவப்புன்னா. அப்புறம் வெட்டினான்."

முன்கண்ணாடியில் துடைப்பான் போய்வந்துகொண்டிருந்தது.

"வலியை விடு. மனுஷன் எப்படியோ தாங்கிடுவான். ஒரு விரலை அசைக்க முடியலை பாரு. கத்தறேன், சத்தம் வரலை. மூச்சைக்கூட மிஷின்தான் விடுது. உள்ளே நான் இருக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியலை. அவங்க பாட்டுக்குச் சிரிச்சுப் பேசிட்டிருக்காங்க." கியரின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "மறுநாள் டாக்டர்கிட்ட சொன்னேன். கனவுன்னாரு. இவகிட்ட சொன்னேன். இவளும் கனவுன்னா."

"டாக்டரே அப்படிச் சொன்னப்ப நான் வேற என்னத்தைச் சொல்ல?" என்றார் ஆஸ்லாவ்.

"உன்னைக் குத்தம் சொல்லலை. நடந்ததைச் சொல்றேன்."

அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடமாக அவர் மல்லாந்து படுத்ததில்லை. பாதி நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். பல் மருத்துவரிடம் போவதில்லை. வீட்டில் எந்தக் கதவும் சாத்தப்படுவதில்லை. இதெல்லாம் ஆஸ்லாவ் சொன்னது. ஓட்வார் மறுக்கவில்லை.

இந்த இடத்தில் உன்னி அவர் தோளில் கை வைத்து, "நான் உங்களை நம்பறேன்" என்று சொன்னதாக ஒரு வரைவில் எழுதியிருந்தேன். நல்ல வசனம்தான். ஆனால் அவர் சொன்னது இதுதான்:

"எந்த ஆஸ்பத்திரி? தேதி ஞாபகம் இருக்கா?"

6

கொஞ்சம் பாடம் எடுக்காமல் முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

பொது மயக்கம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. நினைவை அணைப்பது ஒன்று. அதற்கு நரம்பில் ஏற்றும் பால்போன்ற வெள்ளை மருந்தோ, மூச்சில் கலக்கும் வாயுவோ உண்டு. வலியை அடக்குவது இரண்டாவது. அது அபின் குடும்பத்து மருந்துகளின் வேலை. தசைகளைத் தளர்த்துவது மூன்றாவது. தென் அமெரிக்கக் காடுகளில் வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவிய கொடிச்சாற்றின் வாரிசுகள் அதைச் செய்கின்றன. இந்த மூன்றாவது மருந்துக்கு மூளையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை வாசலிலேயே மறித்துவிடும், அவ்வளவுதான். உள்ளே இருப்பவர் விழித்திருக்கிறாரா, தூங்குகிறாரா என்று அது கேட்பதில்லை.

மூன்றும் சேர்ந்து ஓடினால் அறுவை நடந்ததே தெரியாது. முதல் இரண்டும் நின்றுபோய் மூன்றாவது மட்டும் ஓடினால்

இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டியதில்லை. காரில் உட்கார்ந்து கேட்டீர்களே.

7

ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். முன்பு எழுதிய ஒரு வரைவில், அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கு எழுதி 1988ஆம் வருடத்து மயக்கக் குறிப்புத் தாளை வரவழைத்தது நான் என்று இருந்தது. நானில்லை. உன்னி எழுதினார், உன்னி போன் செய்தார், உன்னி திட்டினார். பதினோராம் நாள் தாளின் நகல் வந்தது. நான் அதுவரை ஓட்வாரை நம்பவில்லை. மருந்தின் மயக்கத்தில் ஆட்கள் என்னென்னவோ காண்கிறார்கள். ஒரு முறை ஓர் அம்மாள், தன்னை ஒரு கடல்நாய் அறுவை செய்தது என்றார். 'இவரும் அப்படித்தான்' என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஏனென்றால் அவர் சொல்வது உண்மையானால், இருபத்தாறு வருடமாக நான் தலைமாட்டில் நின்ற அத்தனை பேரும் என் கண்முன் வரிசையாக எழுந்து உட்காருவார்கள்.

தாள் வந்ததும் உன்னி ஓட்வாரையும் ஆஸ்லாவையும் கூப்பிட்டனுப்பினார். இந்த முறை கதவைத் திறந்தே வைத்திருந்தோம்.

அந்தக் காலத்துத் தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி, கையால் வைத்தது. ஓட்வார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். என்ஜின் அறையில் முப்பத்தைந்து வருடம் கோடுகளையே படித்தவர். உன்னி விளக்கத் தொடங்கும் முன்பே விரல் போய்விட்டது.

"இது நாடி?"

"ஆமா."

"இது பிரஷர்."

"ஆமா."

"ஒன்பது நாற்பது வரைக்கும் சமமா ஓடியிருக்கு. அப்புறம் ஏறுது... கூலிங் தண்ணி நின்னுபோன என்ஜின் மாதிரி ஏறுது." விரல் நூற்று முப்பத்தெட்டில் போய் நின்றது. "இங்க என்ன எழுதியிருக்கு? எழுத்து புரியலை."

"காரணம் தெரியலைன்னு எழுதி, பிரஷரைக் குறைக்க ஒரு மருந்து போட்டிருக்காங்க."

"தெரியலையாமா." மூக்கால் ஒரு மூச்சு விட்டார். "பத்து அஞ்சுக்கு அப்புறம் மளமளன்னு இறங்குது. அங்க என்ன?"

உன்னி அந்த வரியை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "மயக்க வாயுக் கலம் நிரப்பப்பட்டது."

"அப்ப, அதுக்கு முன்னாடி?"

"காலியா இருந்திருக்கு. யாரும் பார்க்கலை."

ஓட்வார் கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்தஞ்சு நிமிஷம்" என்றார். "நான் ஒரு மணி நேரம்னு நினைச்சிட்டிருந்தேன்."

ஆஸ்லாவ் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஏறுகிற பக்கம் முழுக்கத் தொட்டுக்கொண்டு வந்தவர் உச்சியில் நிறுத்தி, எழுந்து வராந்தாவுக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ஐந்து நிமிடம் இருக்கும். ஆஸ்லாவ் திரும்பி வந்து ஓட்வாரின் பக்கத்தில் உட்காராமல் எதிரில் நின்றார்.

"கனவுன்னு சொன்னேன் நான்."

"சொன்னே."

"ஒவ்வொரு தடவை நீ நாற்காலிக்குப் போறப்பவும், இந்த மனுஷனுக்கு வேணும்னே பிடிவாதம்னு நினைச்சேன்."

"அதுவும் தெரியும்."

"ஏன்டா ஒரு தடவைகூட என்னைத் திட்டலை நீ?"

ஓட்வார் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "திட்டியிருந்தா, அதையும் கனவுன்னு சொல்லியிருப்பே" என்றார்.

ஆஸ்லாவ் சிரித்துவிட்டார். சிரிப்பிலிருந்து அழுகைக்கு எப்போது மாறினார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் காபி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, காபி எடுக்காமல், கொஞ்ச நேரம் மருந்து அலமாரி முன் நின்றேன்.

8

உன்னியின் திட்டம் ஓட்வாருக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அது என்ஜின் அறை மொழியில் இருந்ததுதான்.

"மூணு வேலைக்கு மூணு தனி வழி" என்றார் உன்னி, காகிதத்தில் கோடு போட்டபடி. "முதல்ல நீங்க முழிச்சிருக்கறப்பவே முதுகுத்தண்டுல ஒரு மெல்லிசு குழாய். மரத்துப்போற மருந்து அது வழியா ஓடிக்கிட்டே இருக்கும். வயித்துலேர்ந்து வலி மேலே ஏறவே முடியாது. நெஞ்சுக்குக் கீழே ஐஸ் வெச்சுப் பார்ப்போம். குளிர் தெரியலைன்னு நீங்க சொன்னாத்தான் அடுத்தது. ரெண்டாவது தூக்க மருந்து. மூணாவது தசை மருந்து. ரெண்டாவது நின்னுபோனாக்கூட முதலாவது காவல் இருக்கும்."

"ரெண்டாவது நின்னுபோனா எனக்குத் தெரியும். உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க வலது கையை விட்டுவைப்போம்."

"விட்டுவைக்கறதுன்னா?"

"தசை மருந்து போடறதுக்கு முன்னாடி, மேல்கையில பிரஷர் பட்டையைக் கட்டிக் காத்தடைச்சு இறுக்கிடுவோம். ரத்தம் போகாது, மருந்தும் போகாது. உடம்பு பூரா அசையாம கிடக்கும், அந்தக் கை மட்டும் உங்க பேச்சைக் கேக்கும். இருபது நிமிஷம் கட்டி வைக்கலாம். அதுக்குள்ள ரத்தத்துல மருந்து குறைஞ்சுடும், பட்டையை அவுத்தாலும் கை அசையும். மறுபடி மருந்து வேணும்னா மறுபடி கட்டுவோம். ஒருத்தி அந்தக் கையை விடாம பிடிச்சிட்டிருப்பா. என் குரல் கேட்டா ஒரு தடவை அழுத்துங்க. வலிச்சா ரெண்டு தடவை."

ஓட்வார் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணெய்க் கறை ஏறிய, தடித்த விரல்கள்.

"யாரு பிடிப்பா?"

உன்னி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். ஓட்வாரை முதலில் நம்பாதவள் நான் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். அன்று சொல்லவும் இல்லை.

"ஷெம்பாவா! அவ கை மீன் பெட்டியில வெச்சு எடுத்த மாதிரி இருக்குமே."

யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் சத்தமே இல்லை. நான்காம் நாள் உன்னிக்குப் போன் வந்தது. "வர்றேன். ஷெம்பாவைக் கையைச் சூடு பண்ணிக்கச் சொல்லு."

9

மே மாதம், காலை எட்டரை மணி. முதுகில் குழாய் போட்டாயிற்று. நான் அவர் வயிற்றில் ஐஸ் வைத்தேன்.

"எப்ப வெப்பே?" என்றார்.

"வெச்சு எடுத்தாச்சுங்க."

"பலே."

பட்டையை இறுக்கினோம். அவர் வலது கையை என் இரண்டு கைகளுக்கும் நடுவில் வாங்கிக்கொண்டேன். வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடாக்கிய கைகள். "பரவாயில்லை, வசந்தகாலத்து மீன்" என்றார். வெள்ளை மருந்து உள்ளே போனது. "டாக்டரே, இங்க யாரும் பெயின்டைப் பத்திப் பேச..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

தசை மருந்து. மூச்சுக் குழாய். சர்ஜன் கத்தியை எடுக்காமல் கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றார். இதெல்லாம் வீண் நாடகம் என்று முந்தின நாள் முணுமுணுத்தவர் அவர். இப்போது அரங்கில் யாரும் வாய் திறக்கவில்லை.

உன்னி ஓட்வாரின் காதருகே குனிந்தார். "ஓட்வார், நான் உன்னி. என் குரல் கேட்டா ஷெம்பா கையை அழுத்துங்க."

ஒன்றுமில்லை.

ஒரு நிமிடம் விட்டு மறுபடி. ஒன்றுமில்லை.

அவர் நெற்றியில் ஒட்டியிருந்த பட்டை மூளை அலையைப் படித்துத் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். அப்போது அது நாற்பத்தெட்டு. நல்ல மயக்கம் என்று அர்த்தம். நான் மனத்துக்குள், 'பார்த்தாயா, எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் முறை. "ஓட்வார், நான் உன்னி. கேட்டா அழுத்துங்க."

அழுத்தினார்.

துடிப்பு இல்லை, நடுக்கம் இல்லை. திருகை மூடுகிறவர் அழுத்துவதுபோல, நிதானமாக, ஒரு தடவை. விடவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தார். அந்த விரல்கள் என்னைப் பிடித்தபோது எனக்கு

(நான்கு முறை முயன்றேன். இந்த வாக்கியம் முடியவில்லை.)

"உன்னி" என்றேன். "அழுத்தறாரு. ஒரு தடவைதான்."

உன்னியின் கை ஏற்கெனவே மருந்துக் குழலில் இருந்தது. குரல் மட்டும் அவசரப்படவில்லை. "கேட்டுச்சு, ஓட்வார். நீங்க உள்ளே இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியும். இன்னும் மருந்து குடுக்கறேன். வெட்ட ஆரம்பிக்கலை. இங்கேயேதான் இருக்கோம்."

நாற்பது விநாடி. கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, சுண்டுவிரல் கடைசியாக. உன்னி நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டே இருந்தார். கை திரும்ப அசையவில்லை. அதன் பிறகே சர்ஜன் கத்தியைக் கேட்டார். கட்டி முழுதாக வந்தது. மூன்று மணி நேரம் நான் அந்தக் கையை விடவில்லை.

10

முடிவுகளுக்கு வருவோம். மூன்று இருக்கின்றன.

அ. கை அசையவே இல்லை. திட்டம் வென்றது, எல்லாரும் மகிழ்ந்தார்கள். நான் முதலில் எழுதியது இதைத்தான். படிக்கச் சுகமாக இருக்கும், பொய்.

ஆ. கை அசைந்தது, நாங்கள் சொல்லவில்லை. இது நடக்கப் பார்த்தது. விழிப்பறையில் கண்ணைத் திறந்தவர் முதலில் கேட்டது "முடிஞ்சுதா?" அடுத்துச் சொன்னது, "ஒண்ணுமே தெரியலையே! கல்லு மாதிரி தூங்கியிருக்கேன்!" ஆஸ்லாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டு அதையே நான்கு தடவை சொன்னார். தூக்க மருந்துகளுக்கு இப்படி ஒரு குணம் உண்டு: விழிப்பைத் தடுக்கத் தவறினாலும், பல சமயம் அதன் நினைவைத் தங்கவிடாது.

வராந்தாவில் உன்னியிடம் கெஞ்சினேன். "சொல்லாதீங்க. எத்தனை வருஷம் கழிச்சு அந்த மனுஷன் முகத்துல இப்படி ஒரு வெளிச்சம்! அவருக்கே ஞாபகம் இல்லாததை நாம ஏன் எடுத்துக் குடுக்கணும்?"

"ஏற்கெனவே ஒரு ஆஸ்பத்திரி அவருகிட்ட, நடந்தது நடக்கலைன்னு சொல்லியிருக்கு. நாம ரெண்டாவதா?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற, ஷெம்பா?"

நான் சொன்னது அன்பினால் என்று நினைத்தேன். அந்தப் பழைய டாக்டரும் ஆறுதலாகத்தான் கனவு என்று சொல்லியிருப்பார்.

இ. நடந்தது. மூன்றாம் நாள் பிற்பகல். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஆஸ்லாவ் வீட்டிலிருந்து கொண்டுவந்த வாஃபிள் அப்பத்தில் பொட்டு அளவு சாப்பிட அனுமதி கிடைத்திருந்தது. உன்னி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஓட்வார், ஒரு விஷயம் சொல்லணும். ஆரம்பத்துல, வெட்டறதுக்கு முன்னாடி, ஒரு தடவை கையை அழுத்தினீங்க."

ஆஸ்லாவின் கத்தி தட்டில் நின்றது.

"ஒரு தடவையா, ரெண்டு தடவையா?" என்றார் ஓட்வார்.

"ஒரு தடவை."

"அப்ப வலிக்கலை."

"இல்லை."

"நீ என்ன பண்ணினே?"

"உங்ககிட்டப் பேசினேன். மருந்தைக் கூட்டினேன். நாற்பது விநாடில கை தளர்ந்துடுச்சு."

அவர் வலது கையை மடியிலிருந்து எடுத்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஃபெர்ரி ஒன்று கரையை நெருங்கி என்ஜினைத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"எனக்கு ஞாபகமே இல்லை" என்றார்.

"தெரியும்."

"அப்ப, கூப்பிட்டிருக்கேன்."

"ஆமா."

"ஆள் வந்திருக்கு."

"ஆமா."

ஓட்வார் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே, "ஆஸ்லாவ், அந்த ஜாமை இப்படித் தள்ளு" என்றார்.

அப்போதுதான் நானும் சொன்னேன், தாள் வருகிறவரை அவரை நம்பவில்லை என்று. "மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுதே" என்றார், வாயில் அந்தப் பொட்டு வாஃபிளோடு. "அதனாலதான் கையை உன்கிட்ட குடுத்தேன். நம்பாதவதான் கவனமாப் பிடிப்பா."

இந்த மருந்துகளும் இந்தக் கதையும் சேர்ந்து அவரைக் குணப்படுத்திவிட்டன என்று எழுத மாட்டேன். இப்போது சில நாள் கட்டில், சில நாள் நாற்காலி என்று ஆஸ்லாவ் சொல்கிறார். எங்கள் பிரிவில் மட்டும் ஒரு மாற்றம். அறுவை முடிந்த ஒவ்வொருவரிடமும் மறுநாள் மூன்று கேள்வி கேட்கிறோம்: தூங்குவதற்கு முன் கடைசியாக என்ன ஞாபகம், விழித்ததும் முதலில் என்ன ஞாபகம், நடுவில் ஏதாவது? மூன்றாவது கேள்விக்கு யாராவது தயங்கினால், உட்கார்ந்துகொள்கிறோம்.

11

ஆனால் இந்தக் கதைக்கு முடிவு எழுத என்னால் ஆகவில்லை. ஒரு பகுதி இல்லாமல் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். அந்த நாற்பது விநாடி.

உள்ளே அவருக்கு என்ன இருந்தது? அவருக்குத் தெரியாது. உன்னிக்குத் தெரியாது. நெற்றிப் பட்டை நாற்பத்தெட்டு என்று சொன்னது, அதற்கும் தெரியாது. கதை எழுதுகிறவளுக்கு உள்ளே நுழைய உரிமை உண்டு என்று சொல்வார்கள். நானும் நுழைந்து பார்த்தேன். நான்கு பக்கம் எழுதினேன். இருட்டு, கடல், தூரத்தில் ஒரு விளக்கு, இன்னும் என்னென்னவோ. கிழித்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே இருந்த பகுதி: ஐந்து விரல், அவற்றின் அழுத்தம்.

அதனால் அந்தப் பக்கத்தை உங்களுக்கு விட்டுவிடுகிறேன்.

(

)

எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். பயமாகத் தோன்றினால் பயமாக, அமைதியாகத் தோன்றினால் அமைதியாக. ஒரு பெண்குரல் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது நடந்தது, நான் பக்கத்தில் இருந்தேன்.